நூறு பேரின் கையெழுத்து

பிப்ரவரி 3, திங்கள்

பெண் பார்க்கப் போன அன்று நான் எட்டாவது பாஸ் என்று சொன்னேன். அது பொய். ஐந்தாவதோடு நின்றவன். அந்த ஐந்தாவதிலும் முழுப் பரீட்சை எழுதவில்லை, அம்மை போட்டிருந்தது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இதுவரை யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. என் வீட்டுக்காரி சாந்தாமணி இந்த நோட்டைப் படிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருப்பதால் தைரியமாக எழுதி வைக்கிறேன்.

நோட்டு அவள் வாங்கிக் கொடுத்தது. தினமும் எதையாவது எழுத வேண்டுமாம். அவள் எம்.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறாள், நாற்பத்து மூன்று வயதில். கல்லூரியில் லேப் அசிஸ்டென்ட் வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாக. சேர்ந்து ஐந்து வருஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். இது ஐந்தாவது வருஷம். எல்லாப் பேப்பரும் பாஸ். மிச்சம் புராஜெக்ட் ஒன்றுதான். ஏப்ரலில் அது தேறாவிட்டால் தேறிய பேப்பரெல்லாம் வெறும் பேப்பர்.

புராஜெக்ட் என்னவென்றால், கையால் எழுதிய தமிழைக் கம்ப்யூட்டர் பார்த்துப் படிக்க வேண்டும்.

"அழகா எழுதறவங்க எழுத்தையெல்லாம் எப்பவோ படிக்க வெச்சுட்டாங்க மாமா. உங்களாட்ட எழுதறவங்களத்தான் எந்த மிசினும் படிக்க மாட்டீங்குது" என்றாள்.

"எங்களாட்டன்னா எப்படி?"

"கோழி கிளறுனாப்பல."

இருபது வருஷமாக வீடு வீடாகக் கேஸ் சிலிண்டர் போடுகிறேன். என் தோளுக்கு மதிப்பு உண்டு. கையெழுத்துக்கு இன்றைக்குத்தான் மதிப்பு வந்தது. நோட்டு நிறைந்ததும் மெஷினிடம் கொடுப்பாளாம். அதுவரை தொட மாட்டாளாம்.

பிப்ரவரி 5, புதன்

ரசத்தில் உப்பு இல்லை. படிக்கிற பிள்ளையிடம் குறை சொல்லக் கூடாது. "இன்னைக்கு ரசம் ரொம்ப அடக்கமா இருக்குது" என்று மட்டும் சொன்னேன்.

"வாய அடக்கத் தெரியாதவங்களுக்கு ஊறுகாய் அந்த டப்பாவுல இருக்குது" என்றாள், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நோட்டு போதாதாம். நூறு பேர் ஆளுக்கொரு தாள் எழுதித் தர வேண்டுமாம். பத்தாவதுக்குக் கீழே படித்தவர்கள், முப்பது வயதுக்கு மேற்பட்டவர்கள். பெயர் வேண்டாம், வயதும் வகுப்பும் போதும். எல்லா எழுத்தும் வருகிற மாதிரி அவளே பத்து வரி எழுதி அச்சடித்திருக்கிறாள். பார்த்துப் பார்த்துக் கீழே எழுத வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வௌவால் ஊஞ்சலில் தூங்கியது. ஏழு சிங்கங்கள் எஃகுப் பாலத்தில் நின்று பஞ்சு மிட்டாய் தின்றன. இப்படியே போகிறது.

"இதுக்கு என்ன புள்ள அர்த்தம்?"

"அர்த்தம் வேண்டாம். எழுத்து வந்தாப் போதும்."

"நம்ம கல்யாணப் பத்திரிகையாட்ட."

அவள் முறைத்தாள். நான் தாள்களை வாங்கிக்கொண்டேன். ஒரு நாளைக்கு நாற்பது வாசலில் நிற்கிறவன் நான். நூறு பேர் என்ன, ஒரே வாரம் என்று சொல்லிவிட்டேன். சொன்னபோது அவள் முகம் எப்படி இருந்ததென்று எழுதத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் வருவதற்குள் நின்றுவிட்டேன் போலிருக்கிறது.

பிப்ரவரி 11, செவ்வாய்

ரயில்வே கேட் வீதியில் ஆரம்பித்தேன். முதல் வீட்டு அக்கா தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங் நாச்சிமுத்து, இதுல எழுதிக் குடுத்தா மானியத்த நிறுத்திப் போடுவாங்களா?"

"மானியத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்கக்கா. என்ற வீட்டுக்காரி படிப்புக்கு."

"படிப்புன்னா வாத்தியாரல்ல கொண்டாருவாரு. சிலிண்டர்காரரு எதுக்குக் கொண்டாரீங்க?"

தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு நகர்ந்தேன். அடுத்த வீட்டுப் பெரியவர் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். "சிங்கம் எதுக்குப் பஞ்சு முட்டாய் திங்குது? இதுல என்னமோ சூது இருக்குது" என்று கதவைச் சாத்திக்கொண்டார். இன்னொரு வீட்டில் இரண்டு வரி எழுதிய பிறகு பால் பொங்கிவிட்டது. உள்ளே போனவர் திரும்பி வரவில்லை.

தேறியது நான்கு. அதில் ஒன்றில் வௌவாலுக்குக் கண்ணும் மூக்கும் வரைந்திருக்கிறது.

பிப்ரவரி 14, வெள்ளி

மொத்தம் பத்தொன்பது.

சாந்தாமணிக்கு வழிகாட்டி நிவேதிதா மேடம். முப்பது வயது இருக்கும். வகுப்பில் சாந்தாமணி என்பார், காண்டீனில் அக்கா என்பார். அவர் தினமும் எண்ணிக்கை கேட்கிறாராம்.

"எத்தன வந்துச்சு மாமா?"

"வந்துட்டே இருக்குது. சனங்க சந்தோசமா எழுதறாங்க."

ஒரே தோளில் ரெண்டு சிலிண்டர் தூக்கினவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

பிப்ரவரி 15, சனி

இன்று முப்பது தாள் கொடுத்தேன். பொள்ளாச்சியில் நல்ல மனசுக்காரர்கள் நிறைய.

நீலம், கறுப்பு, பச்சை என்று ஐந்து பேனா வாங்கினேன். வீட்டுக்கு எப்போதும் தேவைதானே. வலது கை வலிக்கிறது. சிலிண்டர் தூக்கியதால்.

பிப்ரவரி 18, செவ்வாய்

குடோனில் என்னோடு லோடு ஏற்றுகிற மாரப்பன் கேட்டான், "என்னண்ணா, மத்தியானச் சோத்த மூடி வெச்சுட்டு எழுதிட்டே இருக்கறீங்க?"

"வீட்டுப் பாடம்."

"எடது கையிலயா?"

இடது கையால் எழுதுவது சிரமம். பொதுவாகச் சொல்கிறேன்.

பிப்ரவரி 20, வியாழன்

நூறும் முடிந்தது. சாந்தாமணி எண்ணிப் பார்த்துத் துணிப்பையில் போட்டு, பையைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். பணியாரம் சுட்டாள்.

"டிகிரி வந்தாப் பாதி உங்களுக்குத்தானுங் மாமா."

"எந்தப் பாதி? கம்ப்யூட்டரா, சயின்ஸா?"

"தூக்கறது எதோ அது."

நான் நான்கு பணியாரத்தோடு நிறுத்திக்கொண்டேன். வழக்கமாகப் பதினொன்று. எண்ணெய் சரியில்லை என்று நினைக்கிறேன். அவள் புது எண்ணெய் என்றாள்.

மார்ச் 4, செவ்வாய்

மெஷின் படிக்க ஆரம்பித்துவிட்டது. நூறு எழுத்தைக் காட்டினால் தொண்ணூற்றேழு சரியாகச் சொல்கிறதாம். கல்லூரியிலிருந்து வண்டியில் வரும்போது பின்னால் உட்கார்ந்து தொண்ணூற்றேழு தொண்ணூற்றேழு என்று சொல்லிக்கொண்டே வந்தாள். சிக்னலில் பக்கத்தில் நின்றவர், "பஸ் நம்பருங்களா?" என்று கேட்டார்.

நிவேதிதா மேடம் மட்டும், "இவ்வளவு நல்லா வரக் கூடாதேக்கா" என்றாராம்.

"நல்லா வந்தா நல்லதுதான?" என்று கேட்டேன்.

"அப்படி இல்லீங். பரீச்சைக்கு வர்ற கேள்வியே முன்னாடி கையில கெடைச்ச பையன் நூத்துக்கு நூறு வாங்குவான் பாருங்க, அப்படி இருக்குதுங்கறாங்க."

எனக்குத் திடீரென்று வண்டியில் காற்றுக் குறைவாக இருப்பது போலத் தோன்றியது. இறங்கிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

மார்ச் 8, சனி

மேடம் புதிதாக ஒரு வேலை கொடுத்திருக்கிறார். தாள்களைக் கலைத்துப் போட்டு, எத்தனை பேர் எழுதியது என்று மெஷினையே பிரிக்கச் சொல்ல வேண்டும். நூறு என்று வர வேண்டும்.

இருபத்தொன்று என்று வந்ததாம்.

மார்ச் 10, திங்கள்

மூன்று நாளாகச் சாந்தாமணி தன் புரோகிராமில் தப்புத் தேடுகிறாள். விடிந்ததும் உட்கார்கிறாள். காபி ஆறுகிறது. ஒரு வரியை மாற்றுகிறாள், ஓட்டுகிறாள், மறுபடி இருபத்தொன்று. சமையல் நான்தான். அடக்கமான ரசம் வைத்தேன். ஊற்றிக்கொண்டு சாப்பிட்டாள், ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

காலையில் சொன்னாள், "மூளை ஓட மாட்டீங்குது மாமா. இருபது வயசுப் புள்ளைங்களுக்கு ரெண்டு நிமிசத்துல தெரியறது எனக்கு மூணு நாளாத் தெரியல. வயசான காலத்துல எனக்கெதுக்கு இந்தப் படிப்பு? புராஜெக்ட் வேண்டாம்னு மேடத்துக்கிட்டச் சொல்லிப்போடலாம்னு இருக்கறேன்."

நான் ஒரு வேடிக்கை சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

இன்று ஒன்றும் எழுதவில்லை.

மார்ச் 12, புதன்

சாந்தாமணிக்கு.

நீ படிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாய். இன்று ஒரு நாள் மட்டும் மீறு.

உன் புரோகிராமில் தப்பு இல்லை. பத்தொன்பது பேர்தான் எழுதிக் கொடுத்தார்கள். மிச்சம் எண்பத்தொன்று நான் எழுதியது. குடோனில் மத்தியான நேரத்தில், சோற்றுப் பாத்திரத்தின் மூடியை அடியில் வைத்து. பன்னிரண்டு தாளை இடது கையால் எழுதினேன். வயதும் வகுப்பும் நானே போட்டேன். பார்க்கப் பாவமாக இருந்த ஒரு தாளுக்கு ஒன்பதாவது வரைக்கும் கொடுத்தேன்.

ஏமாற்ற நினைக்கவில்லை. ஒரு வாரம் என்று சொல்லிவிட்டேன். நீ நம்பிவிட்டாய். முடியவில்லை என்று வந்து நிற்க எனக்குக் கால் வரவில்லை. கையெழுத்துத்தானே, யாருடையதாக இருந்தால் என்ன என்று நினைத்தேன். ஆளுக்கு ஆள் வேறாக இருப்பதுதான் உனக்கு வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருப்பாய். நான் பாதிப் பேச்சில் வேடிக்கை பண்ணியிருப்பேன்.

உன் மூளை நன்றாக ஓடுகிறது. என்னையே பிடித்துவிட்டது.

இதை வாயால் சொல்ல நான்கு முறை சமையலறைக்கு வந்தேன். நான்கு முறையும் தண்ணீர் குடித்துவிட்டுப் போனேன்.

மார்ச் 13, வியாழன்

நோட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே துடைத்த வண்டி. வெகு நேரம் கழித்து வந்தாள்.

"எம்பத்தொண்ணா?"

"ஆமா."

"பத்தொம்பது பேரு, நீங்க ஒண்ணு. இருபது ஆச்சு. மிசின் இருபத்தொண்ணுன்னு சொல்லுது. இன்னொரு ஆளு யாரு?"

"எடது கை."

அவள் முகத்தில் கோபமும் இன்னொன்றும் சேர்ந்து வந்தன. இன்னொன்றை உடனே அடக்கிவிட்டாள்.

"அஞ்சு நாளா என்னைய நானே திட்டிட்டு இருந்தேன். பக்கத்துலயே ஒக்காந்து பாத்துட்டு இருந்தீங்களே மாமா."

துணியைப் பிழிந்து வண்டியை மறுபடி துடைத்தேன்.

உள்ளே போனவள் வாசற்படியில் நின்று திரும்பினாள். "எட்டாவது பாஸ் பொய்ங்கறது எனக்குக் கல்யாணத்தன்னைக்கே தெரியும். உங்கம்மா சொல்லிட்டாங்க."

நோட்டு முழுவதையும் படித்திருக்கிறாள். ரசமும் சேர்த்து.

மார்ச் 14, வெள்ளி

பேச்சு இல்லை. தட்டு மட்டும் சத்தமாக வைக்கப்படுகிறது.

மார்ச் 15, சனி

மேடத்திடம் உண்மையைச் சொல்லக் கிளம்பினாள். நான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். வெளியே நின்றவனையும் மேடம் உள்ளே கூப்பிட்டார். எனக்குக் காட்டிய நாற்காலி சுற்றுகிற ரகம். அதில் உட்கார்ந்துகொண்டு குற்றவாளியாக இருப்பது சுலபமில்லை.

"உங்க புரோகிராம் சரியா இருக்குக்கா. ஆனா எம்பத்தொரு தாளும் பொய். அதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா எம்பத்தொரு பேரு வேணும். இருபத்தெட்டாம் தேதி கடைசி நாள். இல்லாட்டி என்னால கையெழுத்துப் போட முடியாது."

சாந்தாமணி தலையாட்டினாள். மேடம் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணா, நீங்களும் ஒரு உதவி பண்ணோணும்."

"சொல்லுங்க மேடம்."

"எழுதாம இருக்கோணும்."

மார்ச் 17, திங்கள்

சாந்தாமணி லீவு போட்டுவிட்டு என்னோடு லோடு ஆட்டோவில் ஏறினாள். நடுவில் ஒரு முழம் இடம் விட்டு உட்கார்ந்தாள். அந்த ஆட்டோவில் மொத்தமே ஒன்றரை முழம்தான்.

முதல் இரண்டு வீட்டில் வௌவாலைப் பார்த்ததும் கதவு சாத்தப்பட்டது. மூன்றாவது, மாடி வீட்டு அம்மா. "பேப்பரெல்லாம் வேண்டாங்கண்ணு" என்றார். உடனே குரலைத் தாழ்த்தி, "நீ இவரு சம்சாரமா? உங்கிட்டச் சொன்னாத் தப்பில்ல. பெல்ல ஒரு தடவ அடிச்சுட்டு ஓடிப் போயிடறாரு. நான் மாடியில இருந்து எறங்கி வர வேண்டாமா? போன தீபாவளிக்கு முந்தின நாளு பாரு..." என்று ஆரம்பித்தார். நான் சிலிண்டரோடு அங்கேதான் நிற்கிறேன்.

பத்து நிமிஷம் பேசினார். சாந்தாமணி கவனமாகக் கேட்டாள். பிறகு பையிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்தாள். "இதையே அப்படியே எழுதிக் குடுத்தர்றீங்களா?"

அந்த அம்மா கண்ணாடி எடுக்க ஓடினார். இரண்டு பக்கம் எழுதினார். இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினார்.

வண்டியில் ஏறியதும் சாந்தாமணி சிரித்தாள். நான்கு நாளைக்குப் பிறகு. என்னைப் பார்த்துத்தான் சிரித்தாள், என்னோடு இல்லை. இருந்தாலும்.

மார்ச் 20, வியாழன்

வௌவால் தாள்களைக் கட்டி வைத்தாயிற்று. இப்போது வாசலுக்கு வாசல் சாந்தாமணி சொல்வது இதுதான்: "எங்க வீட்டுக்காரரப் பத்தி ஏதாச்சும் குறை இருந்தா உங்க கையால எழுதிக் குடுங்க. என்ற படிப்புக்கு. ஏஜென்சிக்குப் போகாது."

கேட் வீதியில் ஒருவருக்கு அதில்தான் வருத்தம். "ஏஜென்சிக்குப் போகாதுன்னா நான் எதுக்குக் கண்ணு எழுதோணும்?"

இருந்தும் எழுதினார். மானியம் கேட்ட அக்கா எழுதினார். சூது இருக்கிறது என்ற பெரியவர் என்னிடமே பேனா வாங்கி எழுதினார். எழுதத் தெரியாது என்று போன மாதம் கையை விரித்தவர்களெல்லாம் இந்த ஊரில் இவ்வளவு எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியாது. இன்றோடு அறுபத்து நான்கு.

மார்ச் 22, சனி

எண்பத்தொன்று முடிந்தது. வந்த இடத்தில் புதுச் சங்கடம். மெஷினுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமானால், ஒவ்வொரு தாளிலும் என்ன எழுதியிருக்கிறது என்று டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். சாந்தாமணியால் பாதித் தாளைப் படிக்க முடியவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். என்னிடம் நீட்டினாள்.

"இது என்னன்னு தெரியுதுங்களா?"

எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கொம்பு எங்கே விழும், புள்ளி எங்கே ஓடும் என்பதெல்லாம் எங்கள் வகையறாவுக்குப் பழக்கம். ஆகவே நான் படிக்கிறேன், அவள் டைப் அடிக்கிறாள்.

"படிங்க மாமா."

"'நாச்சிமுத்து சிலிண்டரை உருட்டிக்கொண்டு வருவதால் தரையில் டைல்ஸ் உடைந்தது.'"

"அப்புறம்."

"'கேட்டால் டைல்ஸ் ஏற்கெனவே உடைந்திருந்தது என்கிறார்.'"

"உடைஞ்சிருந்துச்சா?"

"இல்ல."

"சரி, அடுத்தது."

"'இவர் என் சமையல் வாசனையை வைத்து இன்று விரதமா என்று கேட்டார்.'"

டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு மேஜையில் தலையை வைத்துச் சிரித்தாள். தோள் குலுங்கியது. இந்தத் தடவை என்னோடு. காலையிலிருந்து சாயங்காலம் வரை என்னைப் பற்றி நானே உரக்கப் படித்தேன். தொண்டை கட்டிவிட்டது. நல்ல நாள்.

மார்ச் 24, திங்கள்

புதுத் தாள்களுக்கு நடுவே எண்பத்திரண்டாவதாக ஒரு தாள் இருந்தது. எழுத்து மணி மணியாக இருந்ததால் நம்மவர்கள் எழுதியதில்லை என்று உடனே தெரிந்தது. வயது 43, படிப்பு எம்.எஸ்ஸி. என்று எழுதி, எம்.எஸ்ஸி. பக்கத்தில் 'இன்னும் இல்லை' என்று போட்டிருந்தது.

"குறை: இவர் வேடிக்கையாகப் பேசுவதை நிறுத்தினால்தான் ஏதோ கஷ்டம் என்று எனக்குத் தெரிகிறது. அதற்கு முன்பே ஒரு வார்த்தை சொல்லலாம். முடியவில்லை என்று வந்து நின்றிருந்தால் நான் ஒன்றும் குறைவாக நினைத்திருக்க மாட்டேன். மற்றபடி சேவை திருப்தி."

ஒரு தடவை படித்தேன். கையெழுத்து சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக இன்னும் மூன்று தடவை படித்தேன். கையெழுத்துக்காக மட்டும்தான். இந்தத் தாள் மெஷினுக்குப் போகாது. என் சட்டைப் பையில் இருக்கிறது.

மார்ச் 28, வெள்ளி

ஒப்படைத்தாயிற்று. புதுத் தாள்களோடு ஓட்டியபோது மெஷின் நூறு பேர் என்று சரியாகப் பிரித்தது. ஆனால் படிப்பதில் தொண்ணூற்றேழு போய் எண்பத்தாறு ஆகிவிட்டது. எனக்கு மனசு விழுந்துவிட்டது. மேடம் தொண்ணூற்றேழைப் பார்த்தபோது சிரிக்காதவர், எண்பத்தாறைப் பார்த்து, இதுதான் நிஜம் என்று சிரித்தாராம். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஒரு அத்தியாயம் முழுக்க என் திருட்டைப் பற்றி எழுதியிருக்கிறாள். மெஷின் எப்படிப் பிடித்தது என்று படம் போட்டு. பெயர் போடவில்லை. 'ஒரு தன்னார்வலர்' என்று போட்டிருக்கிறாள்.

ஏப்ரல் 9, புதன்

இன்று வாய்மொழித் தேர்வு. கோயம்புத்தூரிலிருந்து ஒரு பேராசிரியர் கேள்வி கேட்க வந்திருந்தார். சாந்தாமணி காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. "பாஸானாச் சாப்பிடறேன், இல்லாட்டியும் சாப்பிடறேன், இப்ப வேண்டாம்" என்றாள்.

நான் துவைத்து இஸ்திரி போட்ட வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். அவளை உள்ளே அனுப்பிவிட்டு வராந்தாவில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. முதலில் நிறைய இங்கிலீஷ். பிறகு அந்தப் பேராசிரியர் தமிழுக்கு வந்தார்.

"இந்த எண்பத்தொரு போலித் தாளை நீங்க சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே. எதுக்கு எழுதினீங்க?"

"மிசின் கண்டுபுடிச்சுதுங்க சார். அது கண்டுபுடிச்சத நான் மறைச்சா அப்புறம் எதுக்குங்க சார் அது?"

உள்ளே தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. வெயில்.

"யாருங்க இந்தத் தன்னார்வலர்?"

"வெளியில ஒக்காந்திருக்காருங்க சார்."

கதவு திறந்தது. பேராசிரியரே வெளியே வந்தார். பின்னால் மேடம், அதற்கும் பின்னால் சாந்தாமணி. நான் எழுந்து நின்றேன்.

"நீங்கதான் அந்த எண்பத்தொரு பேரா?"

"ஆமாங்க சார். எல்லாரும் வந்திருக்கோம்."

அவர் சிரித்துவிட்டு என் கையைக் குலுக்கினார். வலது கை. பிறகு இடது கையையும் கேட்டு வாங்கிக் குலுக்கினார். "உங்க வீட்டம்மா இனிமே எம்.எஸ்ஸி." என்றார். சாந்தாமணி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு பேர் நிற்கும்போது அவள் அப்படிச் செய்ததே இல்லை. என் கண்ணில் தூசி விழுந்தது. அந்தக் கல்லூரியில் சரியாகப் பெருக்குவதில்லை.

மேடம் போட்டோ எடுக்கலாம் என்றார். சாந்தாமணி நடுவில், ஒரு பக்கம் பேராசிரியர், இன்னொரு பக்கம் நான். அப்போதுதான் மேடம் பெஞ்சைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

பெஞ்சுக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது உண்மைதான். உட்காரும் முன் பார்த்தேன். அந்தக் கையெழுத்து எனக்கே படிக்க வரவில்லை. பெயின்ட் ஈரம், உட்காரக் கூடாது என்று எழுதியிருந்ததாக மேடம் படித்துச் சொன்னார். வேட்டியின் பின்பக்கம் நான்கு பச்சைக் கோடுகள். முன்பக்கம் ஒன்றும் ஆகவில்லை. போட்டோ நன்றாக வந்திருக்கிறது.